திருப்பிக் கூப்பிடாத சோணைமுத்து

சோணைமுத்து யாருக்கும் திருப்பிக் கூப்பிட மாட்டார். திருப்பூர் வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனித் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. மிஸ்டு கால் கொடுத்தவன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"என்கிட்டப் பேசணும்னா அவன் காசுல பேசட்டும். மணி அடிச்சதும் ஓடுறதுக்கு நான் என்ன அவன் வீட்டு வேலைக்காரனா?" என்பார்.

அப்படிச் சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது. கமுதிப் பக்கத்திலிருந்து கரி ஏற்றி வந்த லாரியில், மூட்டைக்கு மேல் இன்னொரு மூட்டையாகப் படுத்துக்கொண்டு வந்து இறங்கிய ஆள் அவர். வேலை கேட்டுப் போன முதல் கம்பெனியில், கரி அப்பிய மூஞ்சியைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் துரத்திவிட்டான். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அதே வாட்ச்மேன் முன்னால் வேறு ஆள் மாதிரி நின்று உள்ளே நுழைந்தார். டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடித்து வைக்கிற கைமடி வேலையில் தொடங்கி, தானே டெய்லராகி, கடைசியில் அர்த்தநாரியின் கம்பெனியில் ஒரு பவர் டேபிளையே காண்ட்ராக்ட் எடுத்தார். பவர் டேபிள் என்றால் நீள மேஜை. இரண்டு பக்கமும் தையல் மெஷின். மெஷினுக்கு ஒரு ஆள். அந்த ஆட்களைக் கொண்டுவந்து உட்காரவைத்து வேலை வாங்குவது காண்ட்ராக்டர் பாடு. நாலாம் வகுப்பைத் தாண்டாத மனுஷன் இதைச் செய்து காட்டினார். பட்டம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் இதே டேபிளை எடுத்து, ஒரு தீபாவளியைத் தாண்ட முடியாமல் ஓடியிருக்கிறார்கள்.

ஆமாம், தீபாவளிதான் காண்ட்ராக்டருக்குப் பரீட்சை. போனஸ் வாங்கிக்கொண்டு தெற்கே பஸ் ஏறுகிற கூட்டம், திரும்பி வரும்போது எந்தக் கம்பெனி வாசலில் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சோணைமுத்து ஆளைக் கோட்டைவிட்டதே இல்லை. பண்டிகை முடிந்த கையோடு ஒரு வேனைப் பிடித்து ஊர் ஊராகப் போவார். வீட்டுக்குள் போய் உட்காருவார். போட்டதைச் சாப்பிடுவார். பெண்ணைப் பெற்றவனிடம் நேருக்கு நேர் பேசுவார். வேன் நிறைந்ததும் கொண்டுவந்து கம்பெனி வாசலில் இறக்குவார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் அந்த வேன் போகவில்லை. பேக்கரியில் நடந்த பேச்சுதான் காரணம்.

அந்தப் பேக்கரியில் டீ எப்படி இருந்தாலும் பேச்சு சூடாக இருக்கும். ஒரு காலத்தில் நூல் விலை, மழை, மாப்பிள்ளை என்று பேசியவர்கள், அந்த வருஷம் முழுக்க செல்போன் பேச்சாகவே பேசினார்கள். பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஆத்தப்பன் ஒரு கட்சி. அர்த்தநாரியின் மகன் யுவன், கோயமுத்தூரில் படித்துவிட்டு அப்பாவின் கம்பெனியில் உட்கார்ந்திருந்தவன், எதிர்க்கட்சி.

"ஆர்குட்டெல்லாம் முடிஞ்சுதுங்ண்ணா. என்ற பிரெண்ட்ஸ் அத்தன பேரும் பேஸ்புக்குக்கு மாறிட்டாங்க" என்றான் யுவன், தீபாவளிக்கு முந்தின வாரத்தில் ஒரு நாள்.

"போன மாசம்தான கண்ணு ஆர்குட்டுல இல்லாதவன் மனுசனே இல்லைன்னே?" என்றார் ஆத்தப்பன். "ரெண்டும் நிக்காது பாத்துக்கோ. நிக்கறது சைனா செட்டுதான். ரெண்டு சிம்மு, டார்ச்சு, ஸ்பீக்கரு. பாட்டப் போட்டா பல்லடத்துக்குக் கேக்கும்."

"டிசம்பரோட உங்க சைனா செட்டெல்லாம் செத்துப்போயிருமாமுங். உள்ளார நம்பர் இல்லாத செட்டையெல்லாம் கவர்மெண்டே கட் பண்ணப்போகுதாம்."

"அந்த நம்பரையும் நானே ஏத்திக் குடுக்கறேன், போ கண்ணு!"

சோணைமுத்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சிரித்தார். "போனுன்னா பேசுறதுக்குய்யா. நீங்க ரெண்டு பேரும் அத வச்சு, பேசுறதத் தவிர எல்லாஞ் செய்றீங்க."

யுவன் திரும்பிப் பார்த்தான். "நீங்க மட்டும் என்னங்ண்ணா? சட்டப் பையில போன வெச்சுட்டு, ஆள் கூட்டறதுக்கு வேன் எடுத்துட்டு ஊர் ஊரா சுத்தறீங்க. போன் வர்றதுக்கு முந்தியும் வேன், வந்தப்பறமும் வேன். அப்பறம் அது எதுக்குங், தாயத்தா?"

பேக்கரியே சிரித்தது. ஆத்தப்பனும் கட்சி மாறிச் சிரித்தார். சோணைமுத்து மிச்சப் பன்னைத் தட்டில் போட்டார். டீ கிளாஸை ஓங்கி வைத்தார்.

"இந்தா பாருங்க தம்பி. என் டேபிள் ஆளு அம்புட்டுப் பேரு நம்பரும் இதுக்குள்ள கெடக்கு. இந்த வருசம் வேனு கெடையாது. சோணைமுத்து ஒக்காந்த எடத்துலருந்து ஆளக் கொண்டாறானா இல்லையான்னு எல்லாரும் பாருங்க. வேன்காரன் மூஞ்சில இனிமே முழிக்கவே மாட்டேன்."

சொன்ன வேகத்தில், பேக்கரி வாசலிலேயே நின்று வேன்காரனையும் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேக்கரியில் சொன்ன சொல் கோர்ட்டில் சொன்னது மாதிரி. திரும்ப எடுக்க முடியாது.

தீபாவளி முடிந்து கம்பெனிக்குப் பூஜை போட்ட அன்று அர்த்தநாரி அவரைக் கூப்பிட்டார். அர்த்தநாரி கோபப்பட்டாலும் 'ங்க' போட்டுத்தான் கோபப்படுவார். அதனால்தான் அவரைப் பார்த்தால் பயம்.

"சோணமுத்து, வியாழக்கெழம காலைல டேபிள் முழுசும் ஓடோணுமுங்க. ஷிப்மெண்ட் நிக்குது. ஒரு மெசினு சும்மா கெடந்தாலும் டேபிள வேற ஆளுக்குக் குடுத்துருவனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"வியாழக்கிழம வரைக்கும் எதுக்கு மொதலாளி? நாளைக்கே பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்து, திங்கட்கிழமை காலையில் போனை எடுத்தார்.

முதல் நம்பர், முனீஸ். துணி விளிம்பைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷின் டெய்லர்; அவரிடமே தொழில் கற்று வளர்ந்த பையன். 'நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை' என்றாள் ஒரு பெண். அடுத்த நம்பரிலும் அவளே பேசினாள். அதற்கடுத்ததில் ஸ்விட்ச் ஆஃப். அடுத்ததில் மறுபடியும் அவள். "இவ ஒருத்தி, எல்லார் வீட்டுலயும் போயி ஒக்காந்திருக்கா" என்று திட்டிக்கொண்டே ஆத்தப்பன் கடைக்குப் போனார்.

ஆத்தப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "வினாடிக்கு ஒரு பைசான்னு ஊரெல்லாம் போட்டி நடக்குதுங்களே, தெரியாதுங்களா? தீபாவளிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்டு குடையை விரிச்சு சிம்மு விக்கறாங்க. உங்காளுங்க பழைய சிம்மத் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசப் போட்டிருப்பாங்க. உங்க போனுக்குள்ள கெடக்கறதெல்லாம் செத்துப்போன நம்பருங்க."

"சிம்ம மாத்துனவன் எனக்குச் சொல்ல வேண்டாமா?"

"அதயேன் என்னயக் கேக்கறீங்க?"

அங்கிருந்து பேக்கரிக்கு வந்தார். உட்கார முடியவில்லை. எழுந்தார். கம்பெனிக்குப் போனார். உறை போட்டு மூடிய மெஷின்களைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபடியும் பேக்கரிக்கே வந்தார். வாய் மட்டும் அடங்கவில்லை. "ஆளு வந்துக்கிட்டே இருக்கு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். போதாக்குறைக்கு, தெரியாத நம்பர்களிலிருந்து மிஸ்டு கால் வந்து உயிரை வாங்கியது. ஒரு மணி அடிக்கும். கையில் எடுப்பதற்குள் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அவர் போனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"பாருங்கய்யா, பிச்சக்காரப் பயலுக! ஒரு ரூவா செலவு பண்ண வக்கில்லாதவனுக்கெல்லாம் எதுக்குப் போனு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது.

வீட்டில் மனைவி பாண்டியம்மாள் விடவில்லை. "பேசாம வேனப் புடிச்சுப் போயிக் கூட்டிட்டு வாங்களேன். வேனு என்ன கடிக்குமா?"

"பேக்கரில சொல்லிட்டேன்ல?"

"அப்ப பேக்கரிக்காரன் வந்து ஓவர்லாக் அடிப்பானாக்கும்?"

சோணைமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். செவ்வாய்க்கிழமை யுவனே அவரைத் தேடி வந்தான். பேச்சு தன்னால் வந்தது என்று அவனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

"டெய்லர் வேணும்னு பேஸ்புக்குல போட்டுட்டனுங்ண்ணா. ஆர்குட்டுலயும் போட்டேன்."

"எத்தன பேரு வாறாங்க?"

யுவன் தலையைச் சொறிந்தான். "ஒருத்தன் சூப்பர் மச்சின்னு போட்டிருக்கானுங். இன்னொருத்தன் எந்தக் காலேஜுன்னு கேக்கறான். இன்னொருத்தன், கம்ப்யூட்டர்ல தோட்டம் போட்டிருக்கானாமா, அதுக்கு வந்து உரம் போடச் சொல்றான்."

"நெசத் தோட்டத்த விட்டுட்டுத்தானய்யா நாங்க அம்புட்டுப் பேரும் இங்க வந்து கெடக்கோம்!" என்றார் சோணைமுத்து.

புதன்கிழமை காலையில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். நாளைக்கு மெஷின் ஓட வேண்டும். கம்பெனி முற்றத்தில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நடந்துகொண்டிருந்தார். பையில் மணி ஒருமுறை அடித்து நின்றது. வந்த ஆத்திரத்தில், வாழ்நாளில் முதல்முறையாக, அந்த நம்பரைத் திருப்பி அழுத்தினார். நாலு வார்த்தை நன்றாகக் கொடுத்துவிடலாம் என்றுதான்.

"எவன்டா அது?"

"எவனா? நாந்தாண்ணே, சீனியம்மா. ஒங்க டேபிள்ல பீஸ் செக்கிங் பாக்குறவ. ஞாபகம் இருக்கா, இல்ல மறந்துபோச்சா?"

சோணைமுத்து போனை மறு காதுக்கு மாற்றினார். "யாத்தா... நீயா? நம்பரு மாறிக் கெடக்கேன்னு..."

"மாறுச்சுன்னு சொல்லத்தானண்ணே மிஸ்டு காலு குடுத்தேன்! ஞாயித்துக்கெழமலருந்து குடுக்குறேன். இங்க இருக்குற புள்ளைக பூராம் குடுத்துச்சுக. புது நம்பரு வந்தா, யாருன்னு ஒரு வார்த்த கூப்புட்டுக் கேக்க மாட்டீகளா? சரி, நம்மள வேணாம்னு விட்டுட்டாரு போலன்னு நெனச்சோம்."

"முனீசு எங்க? அவனும் ஊர்லதான் இருக்கானா?"

"அவன் அங்க திருப்பூர்லதான இருக்கான்! திங்கக்கெழம காலையிலயே பொண்டாட்டியோட வந்து பழைய பஸ் ஸ்டாண்டுல எறங்கி, கம்பெனி தொறந்தாச்சான்னு கேக்க ஒங்களுக்கு மிஸ்டு காலு மேல மிஸ்டு காலு குடுத்திருக்கான். அங்க இருந்த ரூமயும் தீவாளிக்கே காலி பண்ணிட்டு வந்தவன். பொட்டி படுக்கையோட எங்கிட்டுப் போவான்? அங்ஙன நின்ன வேற காண்ட்ராக்டரு ரூமு தாரேன்னு கூட்டிட்டுப் போயிட்டானாம்."

திங்கட்கிழமை. பேக்கரி. போனைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிய கையை சோணைமுத்து இப்போது குனிந்து பார்த்தார். அவர் பிச்சைக்காரப் பயலுக என்று சொன்னபோது, முனீஸ் இரண்டு மைல் தூரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவர் குரலுக்குக் காத்திருந்தான்.

போனில் இருந்த மிஸ்டு கால் நம்பர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அவருடையது பழைய செட்டு. புதிது வர வர முன்னால் வந்ததை அழித்துவிடும். மிச்சம் இருந்தவர்களில் சிலர் வேறு கம்பெனியில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு பேர், இன்னும் யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை, காலையில் வந்துவிடுகிறோம் என்றார்கள். முனீஸும் கிடைத்தான். "ரூமு குடுத்துட்டாருண்ணே. இப்ப எந்திரிச்சு வந்தா நல்லாருக்குமா, நீங்களே சொல்லுங்க" என்றான். சோணைமுத்து வளர்த்த பையன், சரியாகத்தான் பேசினான்.

மறுபடியும் சீனியம்மாளைக் கூப்பிட்டார். "இருக்குற புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே பஸ் ஏறு தாயி."

"நான் சொன்னா அனுப்பிருவாகளா? வருசா வருசம் நீங்க வந்து ஒக்காந்து, பெத்தவுக மூஞ்சியப் பாத்துப் பேசுவீக. அதுல வர்றதுகதான. எவரோ போன்ல சொன்னாருன்னு வயசுப் புள்ளைய யாருண்ணே பஸ் ஏத்துவா?"

வேறு வழி இல்லை. வேன்காரனைக் கூப்பிட்டார். "நான் தேனிப் பக்கம் வேற காண்ட்ராக்டருக்கு ஆள் ஏத்திக்கிட்டு இருக்கேண்ணே. நீங்கதான வேணாம்னீங்க?" என்றான் அவன். ஊரில் இருந்த வேன் எல்லாம் அந்த வாரம் தெற்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

சீனியம்மாள்தான் ஒரு வழி சொன்னாள். "எங்க தெருவுல ஒரு வீட்டுல சைனா செட்டு இருக்குண்ணே. கொட்டகைல ரேடியோ கட்டுன மாதிரி அலறும். என் சிம்ம அதுல போட்டுத் தெருவுல ஒரு முக்காலி மேல வைக்கிறேன். நீங்க நேர்ல பேசுறத அதுல பேசுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

மத்தியானம், கம்பெனி முற்றத்தில், சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் சோணைமுத்து நின்றார். சேதி எப்படியோ பேக்கரிக்கும் போயிருந்தது. ஆத்தப்பன் கேட்டுக்குள் வந்து நின்றார். யுவன் படியில் உட்கார்ந்தான். அர்த்தநாரி ஆபீஸ் ஜன்னலைத் திறந்து வைத்தார்.

"எல்லாரும் நல்லாருக்கீகளா?" என்று ஆரம்பித்தார் சோணைமுத்து. அந்தப் பக்கத்தில் கோழி கொக்கரித்தது, ஒரு குழந்தை அழுதது. முப்பது வருஷமாகத் திருப்பூரில் தனக்கு இருக்கிற பேர், தன் டேபிளில் உட்கார்ந்து சம்பாதித்து வீடு கட்டியவர்கள், நகை சேர்த்தவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். சொல்லச் சொல்ல அவருக்கே தெம்பு வந்தது. அப்போது ஒரு குரல் குறுக்கே வந்தது.

"பெருமாள்சாமி பேசுறேன். அதெல்லாம் இருக்கட்டும்யா. எம்மக மூணு நாளா ஒங்களுக்கு மிஸ்டு காலு குடுத்தா. ஒரு தடவ கூப்புடல. நாளைக்கு அங்க அவளுக்கு ஒரு காச்ச தலவலின்னு குடுத்தா, அப்பக் கூப்புடுவீகளா?"

வேனில் போயிருந்தால் சோணைமுத்து அந்த மனிதரின் கையைப் பிடித்திருப்பார். போனில் எதைப் பிடிப்பது?

"கூப்புடுவேன்யா" என்றார்.

"நெசமாவா?"

"நெசமா."

"அப்ப இருங்க, பாத்துருவோம்." லைன் அறுந்தது.

சோணைமுத்து போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு காக்கா கத்தியது. ஆத்தப்பன் இருமினார். திடீரென்று மணி ஒரே ஒரு தடவை அடித்து நின்றது. புது நம்பர். ஆத்தப்பனும் யுவனும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து அர்த்தநாரியும் பார்த்தார். சோணைமுத்து பொத்தானை அழுத்திக் காதில் வைத்தார்.

"சொல்லுங்க பெருமாள்சாமி."

அந்தப் பக்கத்தில் தெருவே சிரித்தது. அதோடு விட்டார்களா? அவர் போனை வைத்ததும் இன்னொரு தகப்பன் மிஸ்டு கால் கொடுத்தார். அவரையும் கூப்பிட்டார். அப்புறம் ஒரு தாய். அப்புறம் ஒரு பெண்ணின் சித்தப்பா. ஆளுக்கு ஒருதரம் அடித்துப் பார்த்து, அவர் கூப்பிடுகிறாரா என்று சோதித்தார்கள். பாதியில் அவர் போனில் காசு தீர்ந்தது.

"யோவ் ஆத்தப்பா, காசு போடுய்யா! சீக்கிரம்!"

"போடறனுங்க, போடறனுங்க" என்று ஆத்தப்பன் தன் போனைத் தட்டினார். "பிச்சக்காரங்க ரொம்பப் பேரு காத்துட்டு இருக்காங்களாட்டிருக்குது." சோணைமுத்து முறைத்தார். அதற்குள் அடுத்த மணி அடித்துவிட்டது.

வியாழக்கிழமை விடிந்ததும் சீனியம்மாள் ஒரு கூட்டத்தோடு வந்து இறங்கினாள். பெருமாள்சாமியின் மகளும் இருந்தாள். முன்பணம் வாங்காத இரண்டு டெய்லர்களும் சொன்னபடி வந்தார்கள். உறைகள் கழன்றன. மோட்டார் ஓடத் தொடங்கியது. டேபிளில் ஒரு மெஷின் மட்டும் சும்மா இருந்தது. முனீஸின் ஓவர்லாக்.

அர்த்தநாரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டேபிள் ஓரமாக நடந்து வந்தார். அவர் கடைசி மெஷினுக்கு வந்தபோது அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோணைமுத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க சோணமுத்து, நீங்களே உக்காந்துட்டீங்களாக்கு?"

"மெசினு சும்மா கெடக்கக் கூடாதுன்னுதான மொதலாளி சொன்னீங்க. யாரு ஓட்டணும்னு சொல்லலையே."

அர்த்தநாரி கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்தார். "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனார். டேபிள் சோணைமுத்துவிடமே தங்கியது.

சோணைமுத்து நிமிர்ந்து நாலாபக்கமும் ஒரு பார்வை பார்த்தார். இந்த வயதில் ஓவர்லாக்கில் உட்கார்ந்து டேபிளைக் காப்பாற்றிய காண்ட்ராக்டர் இந்தத் திருப்பூரில் இன்னொருத்தன் உண்டா என்று பக்கத்து மெஷின்காரனிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். செக்கிங் பக்கத்திலிருந்து ஒரு பனியன் பறந்து வந்து அவர் மடியில் விழுந்தது.

"அண்ணே, தோள்பட்ட இழுத்துக்கிட்டு நிக்குது. பிரிச்சு அடிங்க" என்றாள் சீனியம்மாள்.

"நான் மெசின்ல ஒக்காந்து எம்புட்டு வருசமாச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

"எனக்குத் தெரியும்ணே. வாங்குற வெள்ளக்காரனுக்குத் தெரியாதுல்ல?"

டேபிள் முழுக்கச் சிரிப்பு ஓடியது. சோணைமுத்து கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.